செங்காளானும் வெனிலா மணமும் சாய நீரைத் தெளியவைக்குமா?

மாணவர்களே, நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்த நாளிதழின் ஒரு தாளைச் சில நாள்கள் வெயில் படும் சன்னலோரம் வைத்துப் பாருங்கள். அது மெல்ல மெல்ல மஞ்சளாகும். பக்கத்திலேயே உங்கள் பயிற்சிப் புத்தகத்தின் தாள் ஒன்றையும் வையுங்கள். அது அவ்வளவு விரைவில் மஞ்சளாவதில்லை. இரண்டும் மரத்திலிருந்து வந்த தாள்கள்தாம். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

காரணம் லிக்னின் என்ற பொருள். நாளிதழ்த் தாளுக்குப் பெரும்பாலும் மரத்தை அரைத்துக் கூழாக்குகிறார்கள். அதனால் மரத்திலிருந்த லிக்னின் கூழிலேயே தங்கிவிடுகிறது. வெயிலும் காற்றும் பட்டதும் அது மஞ்சளாகிறது. எழுதும் தாளுக்கோ வேதிப்பொருள்களால் லிக்னினைக் கரைத்து வெளியேற்றிய பிறகுதான் கூழைப் பயன்படுத்துகிறார்கள்.

லிக்னினைச் சிதைப்பது தொழிற்சாலைக்கே கடினமான வேலை. வெப்பம், அழுத்தம், கடுமையான காரங்கள் எல்லாம் வேண்டும். ஆனால், காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தில் முளைக்கும் ஒரு காளான் அதே வேலையைச் சாதாரண வெப்பநிலையில் செய்து முடிக்கிறது. அந்தக் காளானின் கருவியைக் கடன் வாங்கி, ஆற்றில் கலக்கும் சாய நீரைத் தெளியவைக்க முடியுமா? வேதியியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்வி இது. அதற்குக் கிடைத்திருக்கும் விடையையும், இன்னும் தீராமல் நிற்கும் சிக்கல்களையும் இந்த வாரம் பார்ப்போம்.

மரத்தின் சிமெண்டு

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீள நீளமாக இரும்புக் கம்பிகள் இருக்கும். அவற்றைச் சுற்றிச் சிமெண்டுக் கலவை இறுகியிருக்கும். மரத்தின் உயிரணுச் சுவரும் ஏறக்குறைய அப்படித்தான். கம்பியின் இடத்தில் செல்லுலோஸ் இழைகள்; சிமெண்டின் இடத்தில் லிக்னின். மரம் நிமிர்ந்து நிற்பதற்கும், அதன் உள்ளே நீர் கசியாமல் மேலேறுவதற்கும் லிக்னின் துணைசெய்கிறது.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒரே முறையில் கோத்த சங்கிலி. அதை வெட்டத் தெரிந்த நுண்ணுயிர்கள் பல உண்டு. லிக்னின் அப்படியன்று. வளைய வடிவம் கொண்ட ஃபீனால் வகை மூலக்கூறுகள் பல விதமாக, ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று பிணைந்து உருவானது அது. ஒரே மாதிரிப் பூட்டு என்றால் ஒரு சாவி போதும். இங்கே ஒவ்வொரு பூட்டும் வேறு மாதிரி. அதனால்தான் பெரும்பாலான உயிரினங்கள் லிக்னினைச் சீண்டுவதில்லை.

அதை முழுமையாகச் சிதைக்கத் தெரிந்தவை வெண் அழுகல் காளான்கள் எனப்படும் கூட்டம். இவை பழுப்பு நிற லிக்னினை எடுத்துவிடுவதால் எஞ்சும் மரம் வெளுத்துப்போய், நார் நாராகக் காட்சியளிக்கும். பெயர் வந்த காரணமும் அதுதான்.

இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றை நீங்களே பார்த்திருக்கக்கூடும். ரப்பர்த் தோட்டத்திலோ, தாமான் ஓரத்திலோ வெட்டிப் போட்ட கட்டையின்மேல் பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில், விசிறிபோல ஒட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான காளான் அது. அறிவியல் பெயர் பிக்னோபோரஸ் சங்குவினியஸ். மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்பமண்டல நாடுகளில் வெயில் படும் காய்ந்த மரங்களில் இது சாதாரணமாக வளர்கிறது. இதன் நெருங்கிய உறவான பிக்னோபோரஸ் சின்னபாரினஸ் குளிர் நாடுகளில் காணப்படுகிறது. நம் கதையில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

நான்கு செம்பு அணுக்கள் கொண்ட கருவி

காளானுக்கு வாயும் இல்லை, பல்லும் இல்லை. அது தன் இழைகளிலிருந்து நொதிகளை, அதாவது என்சைம்களை, வெளியே சுரக்கிறது. அவை மரத்தை வெளியிலேயே சிதைத்துக் கொடுக்க, காளான் அதை உறிஞ்சிக்கொள்கிறது. அப்படிச் சுரக்கும் நொதிகளில் ஒன்றின் பெயர் லாக்கேஸ்.

லாக்கேஸை முதலில் கண்டுபிடித்தது காளானில் அன்று. ஜப்பானில் மரப் பெட்டிகளுக்கும் கிண்ணங்களுக்கும் பூசும் பளபளப்பான அரக்குப்பூச்சு ஒரு மரத்தின் பாலிலிருந்து வருகிறது. அந்தப் பால் காற்றில் ஏன் இறுகிக் கறுக்கிறது என்பதை ஹிகோரோகுரோ யோஷிதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1883இல் ஆராய்ந்தார். பாலில் உள்ள ஒரு நொதிதான் காரணம் என்று கண்டார். பிறகு பிரான்ஸ் நாட்டின் கேப்ரியல் பெர்ட்ரான் அதற்கு லாக்கேஸ் என்று பெயர் வைத்தார். அதே நொதி காளான்களிலும் இருப்பது 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தெரிந்துவிட்டது.

இந்த நொதி எப்படி வேலை செய்கிறது? இடைநிலைப்பள்ளி வேதியியலில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று படிக்கிறீர்கள் அல்லவா? எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம். எலக்ட்ரானைப் பெறுவது ஒடுக்கம். லாக்கேஸ் இந்தக் கொடுக்கல் வாங்கலில் நடுவில் நிற்கும் தரகர்.

லாக்கேஸின் உள்ளே நான்கு செம்பு அணுக்கள் உள்ளன. வாசல்போல இருக்கும் ஒரு செம்பு, ஃபீனால் மூலக்கூறு ஒன்றிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெறுகிறது. பெற்றதை உள்ளே கூட்டமாக இருக்கும் மற்ற மூன்று செம்புகளுக்கு அனுப்பிவிடுகிறது. இப்படி நான்கு மூலக்கூறுகளிடமிருந்து நான்கு எலக்ட்ரான்கள் சேருகின்றன. அந்த நான்கையும் காற்றிலிருந்து வரும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பெற்றுக்கொண்டு, இரண்டு நீர் மூலக்கூறுகளாக மாறிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லாக்கேஸுக்குத் தேவையான ஆக்சிஜன், அதாவது உயிர்வளி, காற்றிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அது வேலை முடிந்ததும் வெறும் நீராகிவிடுகிறது. குளோரின் சேர்ந்த வெளுப்பான்களைப் பயன்படுத்தினால் குளோரின் சேர்ந்த கழிவுகள் மிஞ்சுகின்றன. தாள் ஆலைகள் குளோரின் வாயுவால் கூழை வெளுத்தபோது டையாக்சின் என்ற நச்சுப்பொருள் உருவானது 1980களில் தெரியவந்தது. அதன்பின் உலகின் பல ஆலைகள் அந்த முறையைக் கைவிட்டன. வேதியியலாளர்கள் லாக்கேஸின் பக்கம் ஆர்வத்தோடு திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமையலறையில் ஒரு சோதனை

லாக்கேஸைக் கடையில் வாங்கி வரத் தேவையில்லை. ஏறக்குறைய இதே வகை வேலையைச் செய்யும் இன்னொரு செம்பு நொதி உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. அதன் பெயர் பாலிஃபீனால் ஆக்சிடேஸ்.

ஒரு வாழைக்காயை நறுக்கி மூன்று துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தட்டில் திறந்தபடி வையுங்கள். இன்னொன்றைத் தண்ணீரில் முழுக மூழ்கவிடுங்கள். மூன்றாவதின்மேல் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். திறந்து வைத்த துண்டுதான் அதிகமாகக் கறுத்திருக்கும்.

ஏன்? நறுக்கியவுடன் உயிரணுக்கள் உடைந்து, நொதியும் ஃபீனால்களும் கலந்துவிடுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் கிடைத்ததும் வினை தொடங்குகிறது. தண்ணீருக்குள் போதிய ஆக்சிஜன் செல்வதில்லை. எலுமிச்சையின் புளிப்பு நொதியைத் தளர்த்துகிறது. அதிலுள்ள வைட்டமின் சி எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்து நிறம் மாறுவதைத் தடுக்கிறது. வாழைக்காயை நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடும் அம்மாவும் பாட்டியும் ஒரு நொதியைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

நொதி, ஆக்சிஜன், ஃபீனால் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். இனி நம் காளானிடம் திரும்புவோம்.

லாரி நுழையாத சந்து

லாக்கேஸ் தனியாக வேலை செய்யும்போது இரண்டு தடைகள் குறுக்கே நிற்கின்றன.

முதல் தடை அளவு. லாக்கேஸ் ஒரு பெரிய புரதம். அதில் ஏறக்குறைய 500 அமினோ அமிலங்கள் உள்ளன. மரத்தின் சுவரோ மிக நெருக்கமாக இறுகியது. பெரிய லாரி குறுகிய சந்துக்குள் நுழைய முடியாததைப்போல, லாக்கேஸால் மரச் சுவரின் உட்பகுதிக்குள் போக முடியாது.

இரண்டாவது தடை வலு. எலக்ட்ரானை இழுக்கும் வலுவை வோல்ட் அளவில் குறிப்பிடுவார்கள். காளான் லாக்கேஸ்களில் வலுவானவற்றுக்கே அது 0.8 வோல்ட் அளவுதான். லிக்னினில் உள்ள ஃபீனால் பகுதிகளிடமிருந்து எலக்ட்ரான் எடுக்க அது போதும். ஆனால், லிக்னினின் பெரும்பகுதி ஃபீனால் அல்லாத அமைப்புகள். அவை எலக்ட்ரானை இன்னும் இறுக்கமாகப் பிடித்துவைத்திருக்கின்றன. லாக்கேஸ் நேரடியாக இழுத்தால் அவை விட்டுக்கொடுப்பதில்லை.

1990இல் கனடாவைச் சேர்ந்த ராபர்ட் பூர்போனே, மைக்கேல் பைஸ் ஆகிய இருவரும் இந்தத் தடைகளுக்கு ஒரு வழி கண்டார்கள். ஆய்வகத்தில் பயன்படும் ஏ.பி.டி.எஸ். என்ற சிறிய செயற்கை மூலக்கூறு ஒன்றை லாக்கேஸோடு சேர்த்தார்கள். லாக்கேஸ் தனியாகத் தொடக்கூட முடியாதிருந்த, ஃபீனால் அல்லாத பொருள்கள் அப்போது ஆக்சிஜனேற்றம் அடைந்தன.

நடப்பது இதுதான். லாக்கேஸ் முதலில் அந்தச் சிறிய மூலக்கூறிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து, அதை அடங்காப் பசி கொண்ட ஒன்றாக மாற்றிவிடுகிறது. அது விலகிச் சென்று, நொதியால் போக முடியாத இடுக்குக்குள் நுழைகிறது. அங்கே எதிரே கிடைக்கும் மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரானையோ ஹைட்ரஜன் அணுவையோ பறித்துத் தன் பசியைத் தீர்த்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் அணுவைப் பறிப்பது நொதிக்குத் தெரியாத குறுக்குவழி. அதனால்தான் வலுக் குறைவு என்ற இரண்டாவது தடையும் விலகுகிறது. பிறகு அது மீண்டும் லாக்கேஸிடம் திரும்பி அடுத்த சுற்றுக்குத் தயாராகலாம். லாரி சாலையிலேயே நிற்க, மோட்டார் சைக்கிளில் ஒருவர் சந்துக்குள் போய்ப் பொருளைக் கொடுத்துவிட்டு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்படித் தூது போகும் மூலக்கூறை 'இடையீட்டுப் பொருள்' என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையில் எளிமைக்காக 'உதவியாளர்' என்றே அழைப்போம்.

உதவியாளரும் மரத்திலிருந்தே

ஏ.பி.டி.எஸ். போன்ற செயற்கை உதவியாளர்கள் நன்றாக வேலை செய்தன. ஆனால் அவற்றின் விலை அதிகம். சில, நொதியையே தாக்கிச் செயலிழக்கவைத்தன. கழிவு நீரைச் சுத்தப்படுத்துவதற்காக, சந்தேகத்துக்குரிய இன்னொரு செயற்கைப் பொருளை அதே நீரில் கொட்டுவது முறையா என்ற கேள்வியும் எழுந்தது.

அப்படியானால் காட்டில் காளானுக்கு உதவியாளர் யார்? 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விடையை முன்வைத்தார்கள். பிக்னோபோரஸ் சின்னபாரினஸ் தானே சுரக்கும் ஓர் அமிலம்தான் லாக்கேஸுக்கு உதவுகிறது என்றார்கள். ஆனால், அந்த அமிலத்தை உண்டாக்க முடியாத வகைகளைப் பிறகு சோதித்தபோது, அவையும் லிக்னினைச் சிதைத்தன. எனவே அந்த அமிலம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று தெரிந்தது. ஒரு விடையை மறுபடியும் சோதித்து, பொருந்தாவிட்டால் திருத்துவதுதான் அறிவியல் நடக்கும் முறை.

இன்னொரு சிந்தனையும் பிறந்தது. லிக்னின் சிதையும்போது சிறிய ஃபீனால் துண்டுகள் வெளிவருகின்றன. அந்தத் துண்டுகளே உதவியாளராகலாம் அல்லவா? உடைந்த சுவரின் கல்லையே எடுத்து மீதிச் சுவரை உடைப்பதைப் போன்றது இது.

ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் சுசானா கமரேரோவும் அவருடைய குழுவினரும் இதை முறையாகச் சோதித்து 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். பிக்னோபோரஸ் சின்னபாரினஸ், டிராமெட்டிஸ் வில்லோசா ஆகிய இரு காளான்களின் லாக்கேஸ்களை எடுத்துக்கொண்டார்கள். இயற்கையில் கிடைக்கும் 44 பொருள்களை வரிசையாகச் சோதித்தார்கள். சோதனைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது மரம் அன்று, சாயம். நிறம் மறைவதை எளிதாக அளக்கலாம் என்பது சாயத்தின் வசதி.

முதலில் ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கறுப்புச் சாயம். துணி ஆலைகளில் பரவலாகப் பயன்படும் இந்த அசோ வகைச் சாயத்தை லாக்கேஸ் தனியாக எதுவும் செய்ய முடியவில்லை. 44 பொருள்களிலிருந்து நன்றாக வேலை செய்த 10 உதவியாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றை மொத்தம் ஆறு வகைச் சாயங்களில் சோதித்தார்கள். ஒரு சாயம் கடைசி வரை அசைந்துகொடுக்கவில்லை. இன்னொன்று பாதிக்கும் குறைவாகவே நிறமிழந்தது. மற்றவற்றில் 80 முதல் 100 விழுக்காடு வரை நிறம் நீங்கியது. சிறந்த உதவியாளர்கள் சாயத்தைப் பொறுத்து 5 முதல் 30 நிமிடங்களில் வேலையை முடித்தன. சிறந்த செயற்கை உதவியாளர்களாலும் அதே அளவு நிறத்தை நீக்க முடிந்தது. ஆனால் அவை கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டன.

முதலிடம் பிடித்தவை சிரிங்கால்டிஹைடு, அசிட்டோசிரிங்கோன் என்ற இரண்டு பொருள்கள். இரண்டும் லிக்னினின் துண்டுகள். பட்டியலில் உங்களுக்கு நன்கு அறிமுகமான ஒன்றும் இருந்தது. அது வெனிலின். ஐஸ்கிரீமுக்கும் கேக்குக்கும் மணம் தரும் அதே வெனிலின்தான்.

வெனிலா காய்க்கும் மரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? வெனிலின் மூலக்கூறின் வடிவம் லிக்னினின் அடிப்படை அலகுகளில் ஒன்றை ஒத்திருக்கிறது. லிக்னினைப் பக்குவமாகச் சிதைத்தால் வெனிலின் கிடைக்கும். நார்வேயில் ஸ்புரூஸ் மரத்தின் லிக்னினிலிருந்து வெனிலின் தயாரித்து விற்கிறார்கள். பழைய நூல்களைத் திறந்தால் வரும் இனிய வாசனையிலும் அதற்குப் பங்குண்டு.

நம் ஊரில் இதற்கு என்ன வேலை?

இப்போது கிளந்தான், திரங்கானு மாநிலங்களின் பாத்தேக் பட்டறைகளுக்கு வருவோம். கையால் வரையும் பாத்தேக்கில், முதலில் உருகிய மெழுகால் கோடு போடுகிறார்கள். கோட்டுக்குள் சாயம் தீட்டுகிறார்கள். சாயம் துணியில் பிடிப்பதற்குச் சோடியம் சிலிக்கேட் கரைசலைப் பூசி வைக்கிறார்கள். பிறகு அலசி, கொதிநீரில் மெழுகை நீக்குகிறார்கள். பூசிய சாயம் முழுவதும் துணியில் தங்குவதில்லை. ஒரு பகுதி அலசிய நீரோடு போய்விடுகிறது.

பாத்தேக்கில் பெரிதும் பயன்படுவது ரெமசோல் எனப்படும் சாயக் குடும்பம். மாட்ரிட் குழு சோதித்த ஆறு சாயங்களில் ஒன்றான ரியாக்டிவ் புளூ 19 இதே குடும்பத்து நீலம்தான். அந்த நீலத்தை லாக்கேஸ் தனியாகவே ஓரளவு வெளுத்தது. உதவியாளர் சேர்ந்ததும் அது மிக விரைவாக நடந்தது.

சாய நீர் ஆற்றில் கலந்தால் என்ன கெடுதல்? நிறம் வெளிச்சத்தை மறைக்கும். நீருக்குள் உள்ள பாசிகளும் செடிகளும் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாது. அசோ சாயங்கள் சில, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாவால் சிதையும்போது அரோமாட்டிக் அமீன்களைத் தருகின்றன. அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. மலேசியாவின் 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகள் வெளியேறும் நீரின் நிறத்துக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால், வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறைகள் பலவற்றுக்குப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டும் வசதி கிடையாது. மலிவான, எளிய வழி ஒன்று கிடைத்தால் ஆறும் பிழைக்கும், தொழிலும் பிழைக்கும்.

மூலப்பொருளும் நம்மிடம் உண்டு. செம்பனை ஆலைகளில் பழங்களை உதிர்த்தபின் வெறுங்குலைகள் மலைபோலக் குவிகின்றன. அவற்றிலும் லிக்னின் இருக்கிறது. அதைச் சிதைத்தால் சிரிங்கால்டிஹைடும் வெனிலினும் கிடைக்கும் என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு தொழிலின் கழிவு இன்னொரு தொழிலின் கழிவைச் சுத்தப்படுத்தும் வாய்ப்பு இது.

இந்த இணை ஆய்வகத்தைத் தாண்டி ஏற்கெனவே வெளியே வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஜீன்ஸ் துணியை மங்கலாகக் காட்ட, அவுரி நீலத்தை வெளுக்க வேண்டும். அதற்குக் கடுமையான வெளுப்பான்களைப் பயன்படுத்துவது வழக்கம். டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் 1996இல் லாக்கேஸும் ஓர் உதவியாளரும் சேர்ந்த தயாரிப்பு ஒன்றை இதற்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பசுமை என்று சொல்லுமுன் ஐந்து கேள்விகள்

'இயற்கையானது' என்ற சொல்லைக் கேட்டவுடன் 'நல்லது' என்று முடிவுகட்டிவிடுகிறோம். பசுமை வேதியியல் அப்படிச் செய்வதில்லை. பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற இரு அமெரிக்க வேதியியலாளர்கள் 1998இல் அதற்கு 12 கொள்கைகளை வகுத்தார்கள். கழிவு வந்தபின் சுத்தப்படுத்துவதைவிட வராமலே தடுப்பது மேல் என்பது முதல் கொள்கை. அந்தக் கண்ணோட்டத்தில் நம் காளான் முறையை ஐந்து கேள்விகளால் சோதிப்போம்.

1. எங்கிருந்து வருகிறது? இதில் நல்ல மதிப்பெண். நொதியைக் காளான் தருகிறது. உதவியாளரை மரக் கழிவிலிருந்து எடுக்கலாம். ஆக்சிஜன் காற்றில் இருக்கிறது.

2. எவ்வளவு செலவாகிறது? இங்கே மதிப்பெண் குறைகிறது. உதவியாளர் ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பி வந்தால் சிறிதளவே போதும். நடைமுறையில் இயற்கை ஃபீனால்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு செலவாகிவிடுகின்றன. ஆகவே மேலும் மேலும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

3. முடிவில் என்ன மிஞ்சுகிறது? மிக முக்கியமான கேள்வி இது. நிறம் போய்விட்டது என்றால், சாயத்தில் நிறம் தரும் பகுதி உடைந்துவிட்டது என்று மட்டுமே பொருள். உடைந்த துண்டுகள் நீரில்தான் இருக்கின்றன. சில சோதனைகளில் நிறம் நீங்கியும் நீரின் நச்சுத்தன்மை குறையவில்லை. கண்ணுக்குத் தெளிந்த நீர், மீனுக்கும் தெளிந்த நீராக இருக்கிறதா என்று தனியாகச் சோதித்தாக வேண்டும்.

4. நொதியை எத்தனை முறை பயன்படுத்தலாம்? நீரில் கரைந்த நொதி நீரோடு போய்விடும். அதனால் அதைச் சிறு மணிகளுக்குள் அடைத்துவைத்தோ, பரப்புகளில் ஒட்டவைத்தோ திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்கிறார்கள்.

5. உண்மையான கழிவு நீரில் வேலை செய்யுமா? ஆய்வகத்தில் ஒரே ஒரு சாயம், தூய நீர், பொருத்தமான பி.எச். அளவு. பட்டறை நீரிலோ பல சாயங்கள், மெழுகு, சிலிக்கேட் எல்லாம் கலந்திருக்கும். சிலிக்கேட்டால் அந்த நீர் காரத்தன்மை கொண்டது. காளான் லாக்கேஸ்களில் பல, 3 முதல் 5 வரையான பி.எச். அளவில், அதாவது அமில நீரில், சுறுசுறுப்பாக இருப்பவை. ஒன்று நீரின் காரத்தை முதலில் குறைக்க வேண்டும். அல்லது காரத்தைத் தாங்கும் லாக்கேஸைத் தேட வேண்டும். இரண்டுக்கும் செலவு உண்டு.

இந்த ஐந்தில் முதல் கேள்விக்குத்தான் விடை தெளிவாக இருக்கிறது. மற்ற நான்கிலும் வேலை மீதமிருக்கிறது. வெனிலா மணம் வீசுகிறது என்பதற்காக ஒரு முறையைப் பசுமையானது என்று சொல்லிவிட முடியாது. நீர், உப்பு, மின்சாரம், மிஞ்சும் துண்டுகள் எல்லாவற்றையும் கணக்கில் எழுதிப் பார்த்தபின்தான் அந்தப் பெயரைக் கொடுக்க முடியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மழை நின்ற ஒரு நாளில், வீட்டுக்கு அருகே விழுந்து கிடக்கும் கட்டைகளைக் கவனியுங்கள். செம்மஞ்சள் விசிறிக் காளான் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பறிக்க வேண்டாம், வாயில் வைக்கவும் வேண்டாம். கட்டை எங்கே வெளுத்து நார் நாராகியிருக்கிறது என்று பாருங்கள். லிக்னின் போய்விட்ட இடம் அது.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் திட்டம் தேடுகிறவர்கள் வாழைக்காய்ச் சோதனையை விரிவாக்கலாம். எலுமிச்சைச் சாற்றை நீரில் வெவ்வேறு அளவு கலந்து, வெவ்வேறு பி.எச். கரைசல்களைத் தயாரியுங்கள். வெப்பநிலையையும் மாற்றிப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடுத்து, நிறம் மாறும் வேகத்தை வரைபடமாக்குங்கள். நொதி எந்தச் சூழலில் சுறுசுறுப்பாக இருக்கிறது, எதில் சோர்ந்துவிடுகிறது என்பது தெரியும். பாத்தேக் பட்டறை நீரில் லாக்கேஸை வேலை செய்யவைக்க முயலும் ஆய்வாளரும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு விடை கிடைக்க இன்னும் பல சோதனைகள் தேவை. அவற்றில் சிலவற்றை நாளை நீங்களே செய்யக்கூடும்.